புதனும் சனியும் ஒரு கிண்ணம்

மருமகளுக்கு என்று சொல்லி அம்மா காய்ச்சி வைத்த கறுப்புக் கஷாயத்தை, மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான் சோங்ஹான். அவன் மனைவி மின்யூ சமையலறை வாசலில் காவல் நின்றாள்.

"சீக்கிரம் குடி. அத்தை வந்துடப் போறாங்க."

"இதையே குடிச்சிட்டிருந்தா எனக்கு மாசாமாசம் வந்துடும், பாரு!"

"வரட்டுமே. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது தேதி தப்பாம வரட்டும்."

மின்யூவுக்கு அந்தத் தேதிதான் தலைவலி. ஒரு தடவை நாற்பது நாள், இன்னொரு தடவை எழுபது நாள். கல்யாணமாகி நாலு வருஷம். ஒரு குழந்தைக்காக அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. தைனான் கடைத்தெருவில் யார் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனாலும், நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

டாக்டர் லியாவ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதவிடாய் வந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் சாப்பிட வேண்டும். பிறகு முட்டை வளர்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். "மூணு தடவை முயற்சி பண்ணுவோம். அதுலயும் ஆகலைன்னா ஊசிதான்" என்றவர், கடைசியில் விரலை ஆட்டினார். "இதோட நாட்டு மருந்து எதையும் கலக்கக் கூடாது. மாமியார் கையால கொடுத்தாலும் சரி!"

சொல்லி வைத்தாற்போல, மாமியார் கையால்தான் வந்தது. காலையில் மீன் கஞ்சிக் கடை நடத்தும் ஷியூலுவானுக்கு மருந்து என்றாலே தெருமுனை மூலிகைக் கடைதான். புதனும் சனியும் கடையை மூடிவிட்டுப் பொட்டலத்தோடு வருவார், காய்ச்சுவார், ஒரு கிண்ணம் மேஜையில் வைப்பார். "சூடா குடிச்சிடணும். ஒரு சொட்டு வீணாகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் பூங்காவில் மற்ற பெண்களோடு நடனம் ஆடப் போய்விடுவார்.

மாத்திரை விஷயத்தைச் சொன்னால் அவர் முகம் சுண்டிப்போகும் என்று மின்யூவுக்குப் பயம். முதல் தடவை கஷாயத்தைத் தொட்டியில் ஊற்றினாள். ஆடிவிட்டுத் திரும்பிய மாமியார் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டார்.

"யாரு மருந்தைக் கொட்டினது? வீட்டுல குடிக்க வேற ஆளா இல்ல?" என்று அன்றைக்கு வீட்டையே இரண்டாக்கிவிட்டார். அதற்குப் பிறகு தொட்டிக்குப் பதில் சோங்ஹான்.

அவனும் சும்மா குடிப்பதில்லை. கிண்ணத்துக்கு ஒரு புலம்பல் உண்டு. "காய்ச்சல்ல கிடந்தப்பகூட எங்கம்மாவால என்னை மருந்து குடிக்க வைக்க முடிஞ்சதில்ல. உனக்காகக் குடிக்கிறேன், ஞாபகம் வெச்சுக்கோ!"

இதில் மின்யூவுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. பக்கத்து வீட்டு மருமகளுக்கும் கஷாயம் உண்டு; அதை மாதவிடாய் முடிந்த மறுநாள் ஆரம்பிக்க வேண்டுமாம். அந்த மாமியார், "வந்துச்சா? முடிஞ்சுதா?" என்று காலண்டரும் கையுமாகவே நிற்பாராம். ஷியூலுவான் ஒரு நாள்கூட அப்படிக் கேட்டதில்லை. நம் அத்தை தங்கம் என்று மின்யூ நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை மாத்திரை சாப்பிட்டபோது, மாதவிடாய் வந்து முப்பத்தைந்து நாள் ஆகியும் அடுத்தது வரவில்லை. வேறு யாராவதென்றால் குதித்திருப்பார்கள்; மின்யூவுக்கு முப்பத்தைந்தெல்லாம் ஒரு நாளா? பயந்துகொண்டேதான் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள்.

சாயங்காலம் டாக்டரே போனில் கூப்பிட்டார். "கர்ப்பம்தான்மா. சந்தேகமே இல்ல." மின்யூ ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓவென்று அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் சொன்னதும் ஷியூலுவான் ஓடிப்போய்ச் சாமிக்கு மூன்று ஊதுபத்தி ஏற்றினார். "பார்த்தியா, என் கஷாயம் வீண் போகல! ஜியாயில இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்கும் நாளைக்கே நாலு பொட்டலம் அனுப்பறேன். அவ மருமகளும் மூணு வருஷமா காத்துக்கிட்டிருக்கா, பாவம்."

மின்யூவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணும் மாத்திரை சாப்பிடுகிறவளாக இருந்துவிட்டால்? இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் தன்னைச் சும்மா விடாது என்று பட்டது.

"அத்தை, மன்னிச்சிடுங்க. நான் ஆஸ்பத்திரி மாத்திரைதான் சாப்பிட்டேன். உங்க கஷாயத்துல ஒரு வாய்கூடக் குடிக்கல. அத்தனையும் இவர்தான்..."

சோங்ஹான் திருட்டு முழி முழித்தான். ஷியூலுவான் மகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்துச் சிரித்தார்.

"விட்டமின் டப்பாவுல நீ ஒளிச்சு வெச்ச மாத்திரையை மொத நாளே பார்த்துட்டேன். அதைச் சாப்பிடுற பொண்ணு கஷாயத்தைத் தொடக் கூடாதுன்னு, கஞ்சி குடிக்க வர்ற நர்சுங்க எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க."

"அப்புறம் எதுக்கும்மா இத்தனை மாசம் விடாம காய்ச்சினே?" என்று எகிறினான் சோங்ஹான்.

"அது ஆம்பளைங்க குடிக்கிற கஷாயம்டா, மக்கு!"