பதினாலாம் நம்பர்

“போச்சு! ரெண்டு ஃப்ரீ த்ரோ. ரெண்டையும் கோட்டை விட்டுட்டான் அந்தப் பதினாலாம் நம்பர். இவனையெல்லாம் யார் உள்ள இறக்கினது?”

அப்பா ரிமோட்டைச் சோபாவில் எறிந்தார். திரையில் எதிரணிக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அரையிறுதியோடு அவருடைய அணி மூட்டையைக் கட்டிவிட்டது.

“தோத்துட்டாங்களாங்க?” என்றாள் அம்மா.

“நீயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதுதான் அதிசயம். பாஸ்கெட் பால் என்றாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறவள், இன்று ஆட்டம் முழுக்க அவர் பக்கத்திலேயே ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அவள் கவலை அவளுக்கு. அப்பாவின் இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்களில் இரண்டு அடைத்துக்கொண்டுவிட்டன. ஆபரேஷனை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒன்பது நாளாகிவிட்டது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். “நாலு ரோப்புல மூணு அறுந்தாலும் லிஃப்ட் கீழ விழாது சார்” என்று டாக்டருக்கே பாடம் நடத்திவிட்டு வந்தார். வீட்டில் கெஞ்சிப் பார்த்தார்கள், அழுது பார்த்தார்கள், இரண்டு வேளை சமைக்காமலும் இருந்து பார்த்தார்கள். மனிதர் மசியவில்லை.

“ஆறு வருஷம் கழிச்சு நம்ம பசங்க ப்ளே ஆஃப் வந்திருக்காங்க. அவங்க ஆட்டத்துல இருக்கற வரைக்கும் நான் எங்கேயும் போய்ப் படுக்க மாட்டேன். தோத்து வெளிய வந்தா, மறுநாளே கூட்டிட்டுப் போங்க” என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் தோற்றால்தானே! அடுத்தடுத்து நான்கு ஆட்டம் ஜெயித்துத் தொலைத்தார்கள்.

இப்போது தெருவில் திடீரென்று ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. எதிர் மாடியில் யாரோ விசில் அடித்தார்கள்.

“நம்ம ஊர் டீம் தோத்ததுக்கு எவன் ஹாரன் அடிக்கிறான்?”

“சிக்னல் வேலை செய்யலைப்பா. சாயங்காலத்துல இருந்தே இதே கூத்துதான்” என்று மகள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“ஓஹோ. என் போனைக் கொடு பாப்பா. வேலைக்கு வர்ற பசங்ககிட்டக் கொஞ்சம் புலம்பணும்.”

“அதான் சார்ஜ் ஏறலைன்னு கடையில கொடுத்திருக்கேனே!”

“ஆமால்ல. மறந்துட்டேன்.” அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிற பெண். மூன்று நாளாக ஏதோ அவசர ஆர்டர் என்று கம்ப்யூட்டரே கதியாகக் கிடந்ததில் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. “அந்த ஆர்டர் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுப்பா.”

“நல்லபடியா வந்திருக்கா?”

“அப்படித்தான் நினைக்கிறேன்.”

அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஒரு பந்து விளையாட்டுக்கு இவ்வளவா என்று மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை விலக்கியபோது குரல் தெளிவாக இருந்தது.

“சரி. வாக்குன்னா வாக்குதான். நாளைக்கு பெட் இருக்கான்னு கேளு.”

அவ்வளவுதான், அம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

“டீம் தோத்தது எனக்கு. நீ ஏன்டி அழறே?”

“பாவமா இருக்குங்க, அந்தப் பசங்களைப் பார்த்தா.”

மறுநாள் காலை மருத்துவமனை. வரவேற்பறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டுச் செய்தி ஆரம்பித்ததும் மகள் விறுவிறுவென்று போய் அதன் முன்னால் நின்றுகொண்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் திட்டினார். திட்டிவிட்டுப் போகட்டும். அப்பாவை ட்ராலியில் படுக்க வைத்து, பச்சை அங்கி போர்த்தி, உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை அவளுக்கு உயிர் உயிராக இல்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ட்ராலி நின்றது. அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட நர்ஸோடு போயிருந்தாள்.

“பயமா இருக்காப்பா?”

“இல்லைன்னு சொன்னா பொய். கொஞ்சம் குனி.”

குனிந்தாள். அப்பா அவள் காதோடு பேசினார்.

“ஞாயித்துக்கிழமை ஃபைனல். நான் ஐ.சி.யூ.ல கிடப்பேன். நம்ம பசங்க கப்பை ஜெயிச்சா ஓடி வந்து சொல்லு. உங்கம்மா எதிர்ல மட்டும் வேணாம். எனக்காக ஒரு ஆட்டம் முழுக்க உட்கார்ந்து பார்த்தவ அவ.”

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். “அப்பா... உங்களுக்கு எப்படி...”

கதவு திறந்தது. ட்ராலி நகர்ந்தது. அப்பா தலையைத் திருப்பிச் சிரித்தார்.

“நீ போட்டுக் காட்டின பழைய ஆட்டத்துல, மூலையில இருந்த தேதியை நல்லாத்தான் அழிச்சிருந்தே பாப்பா. ஆனா அந்தப் பதினாலாம் நம்பர் விளையாட்டை விட்டே அஞ்சு வருஷமாச்சு!”