ஊசிமுனை ஓட்டை

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். அது என்ன, சொல்லுங்கள்? பெரிய பிலிம் கேமராதான்.

பழைய சாமான் கடையில் அப்படி இரண்டு இருந்தன; ஒன்று மரத்தால் ஆனது, மற்றது இரும்பால் ஆனது. தன் முதல் கேமராவை வாங்க நிலோபர் வந்தாள். மரக் கேமராவைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள்.

லென்ஸுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே துருத்திபோல் விரியும் அதன் தோல் மடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தது.

"மடிப்பை விரிக்காதே கிழவா, ஓட்டை தெரிந்துவிடும்! இன்றும் விலைபோகாவிட்டால் உன்னை உடைத்து லென்ஸை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்" என்றது இரும்புக் கேமரா.

"மறைத்தால், வெளிச்சம் கசிந்து படமெல்லாம் வெளுத்துப்போகுமே. புதிதாகப் பழகும் பிள்ளை, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும்" என்றது மரக் கேமரா.

அவள் இழுத்ததும் அது மடிப்பை முழுவதும் விரித்துக் கொடுத்தது. நிலோபர் பின்கண்ணாடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். இருட்டில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது.

அவள் இரும்புக் கேமராவை வாங்கிக்கொண்டாள்.