துரைக்கு ஒரு துண்டு போதும்

ஒரு நாயைக் கேக் கொடுத்தே கொல்லலாம் என்று றமணன் சும்மா கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது.

லிந்துலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, ரோட்டைப் பார்த்த வீடு. கட்டியவர் அவனுடைய மாமா செல்வரத்தினம். தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஒரு கறுப்பு நாய்தான் துணை. இடது முன்னங்கால் மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. காலமெல்லாம் துரைமாருக்கு முன்னால் கைகட்டி நின்ற மனிதர், நாய்க்குத் 'துரை' என்று பேர் வைத்து, "துரை, உட்காரு" என்று அதட்டிச் சந்தோஷப்பட்டார்.

துரையும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மத்தியானம் கழிந்தால் வேலி தாண்டி லயத்துப் பக்கம் போய்விடும். கொஞ்ச நாளில் லயத்தில் பாதிக் குட்டிகள் அதன் சாடையிலேயே ஓடித் திரிந்தன. கிளாக்கர் ஐயா வெட்கப்பட்டு அந்தப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டார்.

அவர் எழுதிவைத்துப் போன உயில் றமணனின் வயிற்றில் அடித்தது. துரை உயிரோடு இருக்கும்வரை, அதைப் பார்த்துக்கொள்ளும் நாகலெட்சுமியும் அவள் புருஷன் சோலைமலையும் அந்த வீட்டில் இருக்கலாம். துரை செத்த மறுநாள் வீடு மருமகன் றமணனுக்கு.

நாகலெட்சுமிக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. பிறந்து வளர்ந்த லயத்து ஒற்றை அறைக் காம்பரா, தோட்டத்து வேலையை விட்டதோடு போய்விட்டது.

றமணன் கொழும்புக்காரன். ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்கு வரும்போதும், டிசம்பரிலும் எட்டிப் பார்ப்பான். மாமா செத்தபோதே நாய்க்கு எட்டு வயது. இன்னும் மூன்று நாலு வருஷம்தானே என்று பொறுத்திருந்தான். பத்து வருஷம் போயிற்று, துரை போகவில்லை. விஷம் வைத்தால் ஊர் பேசும். பிரியமாகத் தீனி போட்டால் யார் கேட்பது? பட்டர் கேக்கும் சொசேஜும் பால் டொபியுமாகப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின.

நாகலெட்சுமிக்கு இதுகூடவா புரியாது? அவளும் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். குரக்கன், அதாவது கேழ்வரகு மாவில் அவித்த பூசணியும் கோழி ஈரலும் பிசைந்து, உப்பு சீனி சேர்க்காமல், நகத்தளவு துண்டுகளாக வெட்டி அடுப்புக்கு மேல் காயவைப்பாள். சொன்ன பேச்சைக் கேட்டால் துரைக்கு ஒரு துண்டு. அதற்குமேல் எவ்வளவு குழைந்தாலும் கிடையாது. ஹட்டனில் இருந்து யூடியூப் பையன்கள் வந்து படம் பிடித்து, பதினெட்டு வயதிலும் துள்ளும் துரையின் இரகசியம் என்று போட்டார்கள். அதைப் பார்த்த றமணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஏப்ரலில் மூன்று நாள் தங்குகிறேன் என்று பெட்டியோடு வந்துவிட்டான். மேசைக்குக் கீழே பொரித்த கோழித்தோல், கட்டிலுக்குப் பக்கத்தில் கேக். நாகலெட்சுமி தடுக்கப் போனாள்.

"பாவம், வாயில்லாச் சீவன். ஆசைக்குத் தின்னட்டும் விடு, பேச்சியம்மா."

பேச்சியம்மா என்பது கிளாக்கர் காலத்தில் அங்கே சமைத்த வேறு ஒருத்தி. நாகலெட்சுமி எத்தனையோ தடவை திருத்திப் பார்த்திருக்கிறாள்.

"லயத்து ஆக்கள் எல்லாரும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரியினம். நாயளும் அப்பிடித்தான்" என்று சிரித்துவிட்டான்.

மூன்றாம் நாள் துரை எழும்பவில்லை. மேல்மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. நாகலெட்சுமி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள், அது நடிப்பில்லை. ஏதும் நடந்தால் உடனே போன் கோல் எடுக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு என்ன நிறத்தில் பெயின்ட் அடிக்கலாம் என்று யோசித்தபடி றமணன் காரை எடுத்தான்.

கோல் வரவில்லை. டிசம்பரில் அவன் வந்தபோது வாசலில் துரை துள்ளிக் குதித்தது. வயிறு ஒட்டி, ரோமம் மினுமினுத்து, பத்து வயது குறைந்தாற்போல் இருந்தது. "துரை, உட்காரு" என்றாள் நாகலெட்சுமி. உட்கார்ந்தது. ஒரு துண்டு போட்டாள்.

றமணன் மனம் பொறுக்காமல் வீட்டுக்குப் பின்பக்கம் போய் நின்றான். அங்கே இருந்த இரண்டு பேரி மரங்களுக்குப் பக்கத்தில் புதிதாக மூன்றாவது கன்று நட்டிருந்தார்கள். நடட்டும், எப்படியும் மரமும் நமக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

பிரஷர், சீனி, கொழுப்பு மூன்றும் ஏறிக் கிடக்கிறது என்று கொழும்பு டாக்டர் வேறு அவனைப் பயமுறுத்தியிருந்தார். நாயைப் பார்த்தான். தன் தொந்தியைப் பார்த்தான். வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"அந்த பிஸ்கட்டில எனக்கும் கொஞ்சம் தா பாப்பம்."

நாகலெட்சுமி ஒரு டப்பா நிறையப் போட்டுக் கொடுத்தாள். "அளவாச் சாப்புடுங்க ஐயா. ஒரு நாளைக்கு ரெண்டு துண்டு போதும்."

காரில் ஏறுமுன்பே ஒன்றை வாயில் போட்டு மென்றான். இப்படியும் ஓர் அதிசயமா என்று தலையை ஆட்டிக்கொண்டே போனான்.

கார் வளைவில் திரும்பி மறைந்ததும், சோலைமலை ஒரு வாளி சுடுதண்ணீர் கொண்டுவந்து நாயின் பக்கத்தில் வைத்தான்.

"அடுத்த துரையையாவது ஒத்தக்கால் மட்டும் வெள்ளையா இருக்கிறதாப் பாத்து லயத்துல புடிச்சிட்டு வாங்க," என்றாள் நாகலெட்சுமி, நாயின் வலது முன்னங்காலில் பூசியிருந்த அடுப்புக்கரியைத் தேய்த்துக் கழுவியபடி, "இந்த நாலாவது துரைக்குப் பேர் பழக்கவே பாதி மூட்டை குரக்கன் போயிருச்சு."