துறைக்கா, மெட்டுக்கா?

“நேத்து பேசக் கத்துக்கிட்டவளைப் பொருளாளராப் போட்டா இப்படித்தான்!”

மன்றக் கூட்டத்தில் ருவரி மேசையைத் தட்டினார். தேநீர்க் கோப்பைகள் குதித்தன.

ஷோனக் தலையை நிமிர்த்தவில்லை.

எங்கள் தீவின் ஊர் மன்றத்துக்குப் பொருளாளர் ஷோனக் ஒருத்திதான். நிதி மட்டும் இரண்டு. ஒன்று, படகுத்துறைச் சுவரில் இரும்பு ஏணி வைக்க. அது ருவரியின் பிடிவாதம். மற்றது, கோடை விடுமுறையில் ஒரு வாரம் பிள்ளைகளுக்கு எங்கள் கேலிக் மொழிப் பாட்டும் பேக்பைப்பும் சொல்லிக்கொடுக்க. அது ஷோனக்கின் கனவு. இரண்டுக்குமாகச் சூப் விற்றோம், கேக் விற்றோம், குலுக்கல் சீட்டு விற்றோம். அதே முப்பது வீட்டுக்காரர்கள் எத்தனை கேக்தான் தின்பார்கள்?

போன மாதம் மூதாட்டி எஃபி ஓர் உறை கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே ஆயிரத்து எண்ணூறு பவுண்ட். உறைமேல் நடுங்கும் கையெழுத்தில், ‘நம் ஊர் போர்ஸ்டுக்கு’.

போர்ஸ்ட் என்றால் கேலிக்கில் படகுத்துறை. பாட்டின் மெட்டுக்கும் அதே சொல்தான்.

ஷோனக் கிளாஸ்கோவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் மொழியைப் பாட்டில்தான் படித்தாள். அவளுக்குத் தெரிந்தது மெட்டு மட்டும். உறை வந்த மறுநாளே பிள்ளைகள் ஊதிப் பழகப் பதினைந்து குழல் வாங்கி, ஆசிரியருக்கும் முன்பணம் கட்டிவிட்டாள்.

“எஃபியோட பையன் எங்கே செத்தான்னு தெரியுமா உனக்கு?” என்றார் ருவரி.

“தெரியும், மாமா.”

“என்ன தெரியும்? ஆங்கஸ் நீச்சல்ல புலி. படகுலேருந்து வழுக்கி விழுந்தான். பாசி பிடிச்ச சுவரு, ஏணி கிடையாது. நான்தான் அவனைத் தூக்கினேன். பிராண்டிப் பிராண்டி விரல்ல நகமே இல்லை.”

ருவரி உறையை எடுத்துக் காட்டினார்.

“அவ போர்ஸ்ட்னு எழுதினா அது துறைதான். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்!”

“குழந்தைக்குத் தெரியாது, மாமா.” ஷோனக் நிமிர்ந்தாள். “உங்க பேரப்பிள்ளைங்களையே கேட்டுப் பாருங்க. துறையும் தெரியாது, மெட்டும் தெரியாது. அதுக்குத்தானே இந்த வகுப்பு.”

ருவரியின் முகம் சிவந்தது.

“வாயை மட்டும் நல்லாக் கத்துக்கிட்டே. வா, எஃபியையே கேட்போம். துறைன்னு சொல்லிட்டா, குழலையெல்லாம் திருப்பி அனுப்பு. வகுப்பை நிறுத்து. பதவியை எழுதிக் குடுத்துட்டுப் போ.”

“சரி,” என்றாள் ஷோனக்.

செயலாளர் என்பதால் நானும் கூடப் போனேன்.

எஃபி வீட்டில் அடுப்படி கதகதப்பாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஓட்ஸ் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்து வைத்தார். ஷோனக் மட்டும் உட்காரவில்லை. கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்று கேட்டாள்.

“நீங்க குடுத்த பணத்தைப் பிள்ளைங்க வகுப்புக்குச் செலவு பண்ணிட்டேன், எஃபியம்மா. அது துறைக்கா, மெட்டுக்கா? எனக்காகப் பார்க்காம உள்ளதைச் சொல்லுங்க.”

எஃபி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கெட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மெட்டுக்குத்தான். எனக்குத் துறை எதுக்கு? இந்த வயசுல ஹெர்ரிங் மீன் பிடிக்கவா போறேன்?”

ஷோனக் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ருவரி எழுந்துவிட்டார்.

“பன்னிரண்டு வருஷமா ஏணி, ஏணின்னு என் உயிரை எடுத்தது யாரு?”

“அது அப்போ.”

“அப்போவா? காசு கைக்கு வந்ததும் பாட்டு கேட்குதா? பெத்த பிள்ளையை மறந்துட்டியே, எஃபி!”

“டீ ஆறுது, ருவரி.”

அவ்வளவுதான் பதில். ருவரி கோப்பையைத் தொடவில்லை. எனக்கும் நெஞ்சு கசந்தது. பெற்ற பிள்ளை மூழ்கிய இடத்தைவிட ஊரார் பிள்ளைகளின் குழல் பெரிதா? துக்கம்கூட இப்படித் தேய்ந்து போகுமா?

ஷோனக் எஃபியின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தாள். சொல் வரவில்லை. எந்த மொழியிலும் வரவில்லை. “போம்மா, பள்ளிக்கூடம் விட்டுடும்” என்று அவள் முதுகில் தட்டி அனுப்பினார் எஃபி.

சன்னலருகே போய், அவள் கார் மேட்டைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“துறைன்னுதான் எழுதினேன், ருவரி. என் பிள்ளைக்குப் பிடிச்சு ஏற ஒண்ணும் இல்லாமப் போச்சு. இந்தப் பிள்ளைக்குமா?”