ஏழு பட்டாம்பூச்சிகள்

நாலரை மணிக்குக் கோமாளி மறுபடியும் பிறந்தநாள் வீட்டு வாசலுக்கு வந்தான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான்.

ஒரு முழ நீளச் சிவப்பு ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்துச் சாலையைக் கடந்தான்.

"பெரியவரே, பிள்ளைகுட்டியோட யாராவது வீடு தேடிக்கிட்டு இந்தப் பக்கம் போனாங்களா?"

"இல்லை."

பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். மூக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வியர்வையில் கன்னத்து வெள்ளைச் சாயம் வெடித்திருந்தது. முப்பது வயது இருக்கலாம். பிழைக்க இப்படியும் ஒரு வேலை.

"மூணு மணின்னாங்க. அப்புறம் மூணரை. அப்புறம் 'இதோ வந்துட்டே இருக்காங்கண்ணா'. எங்க தொழில்ல 'இதோ'ன்னா அரை மணி நேரம்."

நான் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிமுகமில்லாதவர்களோடு பேச்சு வளர்ப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

"லேட்டானா சமாளிக்கக் கைவசம் சரக்கு வெச்சிருப்பேன். முதல் அரை மணிக்கு, வந்த பிள்ளைங்களுக்குப் பட்டாம்பூச்சி வரைஞ்சு விடுவேன். அடுத்த அரை மணிக்கு பலூன் நாய். ஆனா வந்த பிள்ளைங்கன்னு நாலு பேராவது வேணும்ல? அந்த வீட்டுப் பிள்ளை மட்டும்தான் இருக்கு. கன்னம், நெத்தி, கை, முட்டின்னு ஏழு பட்டாம்பூச்சி ஆச்சு. இனி அதுகிட்ட இடமே இல்ல."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

திறந்திருந்த கதவு வழியே வரிசையாகப் போட்ட நாற்காலிகள் தெரிந்தன. முன்வரிசையில் ஒரு சின்னத் தலை மட்டும். பாட்டு ஒன்று தொடங்கியது, நின்றது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

அவனுடைய போன் அடித்தது. ஐந்தரை மணிக்கு ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு பிறந்தநாளாம். "கிளம்பிட்டேன் மேடம், வந்துட்டே இருக்கேன்" என்றான், பெஞ்சில் உட்கார்ந்தபடியே.

இந்த நிமிடமே புறப்பட்டால்தான் அங்கே போய்ச் சேர முடியும். அவன் புறப்பட்டுவிட்டால் இந்த வீட்டில் கேக்கையும் நாற்காலிகளையும் தவிர ஒன்றும் மிஞ்சாது.

"போயிடலாம்னுதான் பார்க்கிறேன். அந்த அம்மா மூஞ்சியப் பார்த்தா கால் எழும்ப மாட்டேங்குது."

அந்த அம்மா என் மகள். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன், முன்னும் பின்னும் யாருமில்லாத ஒருவனுக்காக எங்கள் வாசலைத் தாண்டிப் போனவள். போன மாதம் அவனோடும் குழந்தையோடும் இதே ஊருக்குத் திரும்பி வந்து, இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறாள். எல்லாம் ஆறிப்போயிருக்கும் என்று நினைத்திருப்பாள். இன்று குழந்தைக்கு ஐந்து வயது. எங்கள் சொந்தத்தில் இருபது வீடுகளுக்கு அழைப்பு அனுப்பியிருந்தாள்.

எனக்கும் ஒன்று வந்தது.

"பெரியவரே, நீங்க ஒண்ணு பண்ணுங்க. உள்ள வந்து சொந்தக்காரர் மாதிரி சும்மா உட்காருங்க. ஒரே ஒருத்தர் வந்தாக்கூட நான் ஆரம்பிச்சிடுவேன். கேக் வேற இருக்கு."

"வேண்டாம்."

"ரெண்டு பஸ் போயிடுச்சு, நீங்க ஏறல. உங்க ஆளும் லேட்டா?"

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. மெதுவாக, வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தது. பின் இருக்கையில் மூன்று பிள்ளைகள். நடுவில் இருந்தவன் மடியில் பளபளக்கும் காகிதம் சுற்றிய பெரிய பெட்டி.

கோமாளி துள்ளி எழுந்து மூக்கை மாட்டிக்கொண்டான்.

கார் அந்த வீட்டு வாசலுக்கு வந்து ஏறக்குறைய நின்றது. ஓட்டி வந்தவன் இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கையை உயர்த்தவில்லை. தலையை அசைக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

கார் நகர்ந்தது.

"சார்! இந்த வீடுதான் சார்! இதுதான் வீடு!"

கோமாளி பின்னாலேயே ஓடினான். ஷூ தரையில் பட்பட்டென்று அறைந்தது. தொப்பி விழுந்தது. பின் இருக்கைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். வேடிக்கை தொடங்கிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

தெருமுனை வரை ஓடிவிட்டு, தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"வீடு தெரியாம முன்னாடி போயிட்டாங்க பெரியவரே. சுத்திக்கிட்டு வந்துடுவாங்க."

போனை எடுத்தான். "மேடம், மன்னிச்சிடுங்க. இன்னிக்கு என்னால வர முடியாது. வேற ஆளைப் பார்த்துக்குங்க" என்றான். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து அந்தப் பக்கத்து ஏச்சைக் கேட்டு முடித்தான். பிறகு சாலையைக் கடந்து, வாசலில் நின்றே உள்ளே குரல் கொடுத்தான்.

"அம்மா, வந்துட்டாங்க! இன்னும் பத்தே நிமிஷம்!"

உள்ளே ஒரு குழந்தை குதிக்கும் சத்தம் கேட்டது.

காரில் போனவன் என் தம்பி. அவன் திரும்பி வரமாட்டான்.

நேற்று இருபது வீட்டாரையும் நானே போனில் அழைத்து, யாரும் போகக் கூடாது என்று சொன்னேன். பத்தொன்பது பேர் சரி என்ற ஒரே சொல்லோடு வைத்துவிட்டார்கள். தம்பி மட்டும், "குழந்தை என்னண்ணே பண்ணுச்சு?" என்று கேட்டான்.

அதனால்தான் நானே நேரில் வந்து உட்கார வேண்டியதாயிற்று.