நானூறு வீடு

தாம்பரம் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து அழுவதைத் தவிர தேவதர்ஷினிக்கு வேறு வழி தெரியவில்லை.

'அஸ்தினாபுரம் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கை' என்பது அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. காலையில் பால் பாக்கெட்டை எடுப்பது யார், வெளியே போனால் சாவியை எங்கே வைப்பீர்கள், சாப்பிடும்போது டிவி ஓடுமா என்று ஏகப்பட்ட கேள்விகள். நாற்பது வீடு ஏறி இறங்குவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கைடு சத்யநாராயணனோ தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"நாப்பது வீட்டைக் கேட்டுட்டு ஊரே இப்படித்தான்னு எழுதுவியாம்மா? நானூறு வேணும். மாசக் கடைசிக்குள்ள குடுக்கலேன்னா ரிஜிஸ்ட்ரேஷன் கேன்சல்!"

ஆறு வருஷப் படிப்பு அம்போ.

"இன்னாம்மா, வூட்ல எதுனா பேஜாரா?" பெஞ்சின் மறுகோடியில் இருந்தவன் கேட்டான். பெயர் ஜீவானந்தமாம். விசும்பிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"இம்மாந்தானா? நான் கேட்டுக்கினு வரேன். துட்டெல்லாம் வாணாம், சும்மாதான் கீறேன். ஆமா, அது இன்னா நானூறு கணக்கு?"

"நானூறு வீட்டை ஒழுங்கா கேட்டுட்டா, கேக்காத வீட்லயும் ஏறக்குறைய அதே பதில்தான் இருக்கும்ணா."

"கேக்காத வூட்லயுமா? படா ஷோக்கா கீதே!"

மூன்றே வாரத்தில் முந்நூற்று அறுபது வீட்டுப் பதில்களையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். பிரித்துப் பார்த்த தேவதர்ஷினி திடுக்கிட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீட்டில் ஒரே கதை. பால் பாக்கெட் எடுப்பது கணவன், சாவி செருப்பு ஸ்டாண்டில், சாப்பாடு சீரியலோடு.

ஆசாமி டீக்கடையில் உட்கார்ந்து இஷ்டத்துக்குக் கிறுக்கித் தள்ளியிருக்கிறான்! துட்டு வேண்டாம் என்றபோதே உஷாராகியிருக்க வேண்டும். பித்தலாட்டம் வெளியே தெரிந்தால் பட்டத்தோடு மானமும் போகும். உடனே ஒரு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"வந்தாரேம்மா!" என்றாள் நாகலக்ஷ்மி மாமி. "தங்கமான மனுஷர். எல்லாத்தையும் பொறுமையா கேட்டார். மக்கர் பண்ணிண்டிருந்த மிக்ஸியைக்கூட சரி பண்ணிக் குடுத்துட்டுப் போனார்."

இன்னும் பத்து வீட்டுக்குப் பேசினாள். எல்லோரும் அவனைப் புகழ்ந்து தள்ளினார்கள். ஒரு பொய்கூட இல்லை. அந்த நல்ல மனிதனைச் சந்தேகப்பட்டதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியில் கணக்கு என்ன வந்தது என்று அவன் ஆசையாகக் கேட்டபோது, ஒன்று விடாமல் சொல்லி நன்றியும் சொன்னாள்.

சத்யநாராயணன் தீசிஸை வரி விடாமல் படித்துவிட்டு, "பிரமாதம்!" என்றார்.

அடுத்த மாதமே போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடினாள். உள்ளே நாற்காலியில் சத்யநாராயணன், தரையில் ஜீவானந்தம்.

"பத்தொம்பது வீடும்மா," என்றார் இன்ஸ்பெக்டர் வினிதா. "ஒரு பூட்டைக்கூட உடைக்கலை. நேரா செருப்பு ஸ்டாண்ட்ல கையை விட்டுச் சாவியை எடுத்திருக்கான். கேள்வி கேட்ட வீட்டுக்குப் போனா மூஞ்சியை அடையாளம் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு, கேக்காத வீடா பார்த்துப் போயிருக்கான். இருபதாவது, அதே அஸ்தினாபுரத்துல இருக்கற சார் வீடு."

"தீசிஸைப் படிச்சதுலேர்ந்து சாவியைச் சட்டைப் பையிலதான் வெச்சுக்கறேன்," என்றார் சத்யநாராயணன். "நான் வந்து கையும் களவுமா பிடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு செருப்பா உதறிண்டிருந்தான்."

ஜீவானந்தம் தேவதர்ஷினியை ஏறிட்டுப் பார்த்து மனம் நொந்து சொன்னான்:

"நானூறு பத்தலம்மா... ஆயிரம் வூடு கேட்டுக்கினு வரச் சொல்லியிருக்கலாம்ல?"