நான்காவது ஆப்ஷன்

அமெரிக்க விசா வாங்கிக்கொண்டு திரும்பும்போது தடா அருகே விபத்தில் இறந்த தணிகாசலம், சொந்தக்காரர்களின் போன் நம்பரைத் தேடச் சத்தியவேடு வீட்டுக் கம்ப்யூட்டரில் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். தவறான எழுத்தைத் தட்டினால், பெயர், ஊர், நம்பர் என்று தனக்குத் தெரிந்த மூன்று ஆப்ஷன்களைக் காட்டும்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் மனைவி காஞ்சனா ஏதோ தவறான எழுத்தைத் தட்டியபோது நான்கு இருந்தன. நான்காவது, ‘வீட்டுக்கு வர’. அவன் எழுதிய வரிகளில் அப்படி ஒன்று இல்லை.

“அதையும் தட்டும்மே,” என்றாள் மாமியார் வெங்கடம்மா.

தட்டினாள். பிழை என்று வரவில்லை, பதிலும் வரவில்லை. கர்சர் மட்டும் சிமிட்டியது.

“நிறுத்திடட்டுமா அத்தே?”

“சோறு துன்னக் கூப்ட்டாலே மெதுவாத்தான் வருவான். இருக்கட்டும்.”

நாலு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. யூ.பி.எஸ். இல்லாத அந்தக் கம்ப்யூட்டரில் கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இருவரும் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.